குழந்தையின் இலக்கு எதிர்நோக்கலும் பிள்ளைத்தமிழ்ப் பருவ அமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பிறர் செய்யும் செயல் எங்கே சென்று முடியும் என்பதை, அது முடியுமுன்னரே கைக்குழந்தை எவ்வாறு உணர்கிறது என்னும் வினா அண்மைக்கால உளவியலில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அவ்வாய்வுகளைத் தமிழ் ஆய்வாளருக்கு விளக்குவதும், அவற்றைப் பிள்ளைத்தமிழின் பருவ அமைப்போடு வைத்துப் பார்க்கும்போது எது பொருந்தும், எது பொருந்தாது எனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். பருவங்களுக்குச் சொல்லப்படும் மாதக் கணக்கு ஒப்பீட்டுக்கு உரியதன்று. பருவங்களின் வினைகள் உணர்த்தும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடப் பாகுபாடே உரியது என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

திறவுச்சொற்கள்: இலக்கு எதிர்நோக்கல், பிள்ளைத்தமிழ், மூவிடம், தருசொல், வருசொல், அப்பூச்சி, சிற்றில்.

முன்னுரை

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் பெற்றோர் இருவரும் பணிக்குச் சென்றுவிட, பாட்டியின் பொறுப்பில் குழந்தை வளரும் வீடுகள் பல. அத்தகைய வீடொன்றில் எட்டு மாதக் குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டப்படுவதைக் கவனித்தால் ஒன்று புலப்படும். சோறு உதட்டைத் தொட்ட பிறகு குழந்தை வாய் திறப்பதில்லை. பாட்டியின் கை கிண்ணத்திலிருந்து எழும்போதே வாய் திறந்துகொள்கிறது. வயிறு நிறைந்துவிட்டாலோ, கை எழும்போதே முகம் திரும்பிவிடுகிறது. கை இன்னும் பாதி வழியிலேயே இருக்கிறது. ஆயினும் அது எங்கே வரப்போகிறது என்பது குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றாடம் நிகழ்வதால் இது வியப்பளிப்பதில்லை. ஆனால் இதனுள் இருக்கும் அறிவு எளியதன்று. கையின் அசைவு கண்ணுக்குத் தெரியும். அதன் நோக்கம் தெரியாது. தெரியும் அசைவைக் கொண்டு தெரியாத முடிவை முன்கூட்டி உணரும் இத்திறன் எப்போது, எதன் வழியாக வருகிறது என்பதே வினா.

இவ்வினாவைத் தமிழ்த்துறை ஆய்விதழில் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. குழந்தையின் பருவங்களையே இலக்கண வரம்பாகக் கொண்ட சிற்றிலக்கிய வகை தமிழில் உள்ளது. அதனை இன்றைய குழந்தை உளவியலோடு ஒப்பிடும் கட்டுரைகள் பலவும் “முன்னோர் இதனை அன்றே கண்டனர்” என்று கூறி முடிந்துவிடுகின்றன. அவ்வாறு கூறுவது உளவியலுக்கும் பயன்படுவதில்லை, பிள்ளைத்தமிழையும் விளக்குவதில்லை.

கலைச்சொல் குறித்து

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. இத்திறனுக்குக் ‘குறிப்பறிதல்’ என்னும் சொல்லை ஆளலாம் எனத் தோன்றும். திருக்குறளில் பொருட்பாலில் 71ஆம் அதிகாரமும், இன்பத்துப்பாலில் 110ஆம் அதிகாரமும் இப்பெயருடையன. முன்னதில் அரசனது உள்ளத்தை அமைச்சன் அறிகிறான். பின்னதில் காதலியின் உள்ளத்தைக் காதலன் அறிகிறான். இரண்டிலும் அறியப்படுவது வெளிப்படுத்தப்படாத உள்ளக்கருத்து. அறிபவரும் முதிர்ந்த மனத்தினர். எட்டு மாதக் குழந்தைக்கு அந்த அளவு மனவறிவு உண்டு எனக் கொள்ள இயலாது. அது அறிவது செயல் சென்று சேரும் இடத்தை மட்டுமே.

எனவே ‘எதிர்நோக்கல்’ என்னும் சொல் இங்குக் கையாளப்படுகிறது. மூன்று காலங்களுள் வரவிருப்பதைத் தொல்காப்பியர் ‘எதிர்வு’ என்கிறார். ‘நோக்கு’ என்பதோ கண்ணின் தொழிலையும் கருத்தின் குறியையும் ஒருங்கே சுட்டும் சொல். ‘நோக்கம்’ என்பதும் அதன் வழி வந்ததே. இனிக் கூறப்படும் ஆய்வுகள் அளப்பது நோக்கு எதிர்வைச் சென்று சேரும் விரைவையே. ஆதலின் பொருளும் அளவையும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

கண் முந்துதல்

பேசத் தெரியாத குழந்தையிடம் கேட்டறிய முடியாது. அதன் கண்ணைத்தான் கவனிக்க வேண்டும். இதற்கு இரண்டு முறைகள் உள்ளன.

முதலாவது, பார்க்கும் நேரத்தை அளப்பது. ஆமண்டா வுட்வர்டு 1998இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் இரு பொம்மைகள் வைக்கப்பட்டன. ஒரு கை மீண்டும் மீண்டும் அவற்றுள் ஒன்றையே பற்றியது. குழந்தைக்கு அது பழகிச் சலித்த பின் பொம்மைகள் இடம் மாற்றப்பட்டன. இப்போது கை பழைய இடத்தை நோக்கிச் சென்று புதிய பொம்மையைப் பற்றியபோது, புதிய இடத்தை நோக்கிச் சென்று பழைய பொம்மையைப் பற்றியதைவிட அதிக நேரம் குழந்தைகள் பார்த்தனர். அதாவது, கை சென்ற வழியைவிட அது நாடிய பொருளே குழந்தையின் நினைவில் நின்றது. கைக்குப் பதிலாக ஒரு கோல் நீண்டபோது இவ்வேறுபாடு தோன்றவில்லை.

எனினும், இம்முறை செயல் முடிந்த பின் எழும் வியப்பையே காட்டுகிறது. முடியுமுன் உணர்ந்தமையை அறிய இரண்டாவது முறை வேண்டும். கண்ணில் பட்டு மீளும் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு, பார்வை எந்த நொடியில் எங்கே பதிகிறது என்பதைக் கணிக்கும் கருவி அதற்குப் பயன்படுகிறது. அடுக்கிய கட்டைகளைப் பிறர் எடுத்து வைப்பதைக் காணும் பெரியவரின் கண், அவர் தாமே அதனைச் செய்யும்போது முந்துவது போலவே பிறர் கைக்கும் முந்திச் செல்கிறது என்று பிளானகனும் யோகான்சனும் 2003இல் காட்டினர். இதனைக் குழந்தைகளிடம் சோதித்தவர்கள் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபால்க்-இட்டர், கிரேடெபேக், ஃபான் ஹோஃப்ஸ்டன் ஆகியோர். 2006இல் வெளிவந்த அவ்வாய்வில், ஒரு கை பொம்மைகளை எடுத்து வாளியில் இடும் படக்காட்சி காட்டப்பட்டது. 12 மாதக் குழந்தைகளின் பார்வை கைக்கு முன்னரே வாளியைச் சேர்ந்தது; 6 மாதக் குழந்தைகளின் பார்வை கையைப் பின்தொடர்ந்தது. பொம்மைகள் கையின்றித் தாமே நகர்ந்தபோது 12 மாதக் குழந்தைகளின் கண்ணும் முந்தவில்லை.

இவ்வேறுபாட்டுக்கான காரணமாக ஆய்வாளர் பலர் முன்வைப்பது குழந்தையின் சொந்தச் செயல் அனுபவம். ஓராண்டுக் குழந்தை பொருளை எடுத்துக் கலத்தில் போடும். ஆறு மாதக் குழந்தைக்கு அது இயலாது. தான் செய்யக்கூடிய செயலையே குழந்தை பிறரிடம் எதிர்நோக்குகிறது என்பது இதன் கருத்து. கனகோகி, இதகுரா ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது: பொருளைப் பற்ற நீளும் கையின் இலக்கை 6 மாதம் முதல் குழந்தைகள் எதிர்நோக்கினர், 4 மாதக் குழந்தைகள் எதிர்நோக்கவில்லை, குழந்தை தானே பற்றும் திறனும் இவ்வெதிர்நோக்கலும் ஒன்றோடொன்று தொடர்புற்றிருந்தன. சாமர்வில், வுட்வர்டு, நீடம் ஆகியோர் 2005இல் இன்னும் ஒரு படி சென்று, பொருளைப் பற்ற அறியாத 3 மாதக் குழந்தையின் கையில் பொருள் ஒட்டிக்கொள்ளும் கையுறையை மாட்டினர். அவ்வாறு முதலில் தாமே ‘எடுத்துப்’ பார்த்த குழந்தைகள் பின்னர்ப் பிறர் கையின் இலக்கை உணர்ந்தனர்.

இக்கொள்கைக்கு மறுப்பும் உண்டு. கெர்கெலி, சிப்ரா முதலியோர் 1995இல் திரையில் ஒரு சிறு வட்டம் தடையைத் தாண்டிக் குதித்து மற்றொரு வட்டத்தை அடையும் காட்சியை 12 மாதக் குழந்தைகளுக்குக் காட்டினர். தடையை நீக்கிய பின்னும் வட்டம் வீணாகக் குதித்தபோது குழந்தைகள் நெடுநேரம் பார்த்தனர். நேராகச் சென்றபோது அவ்வாறு பார்க்கவில்லை. வட்டத்துக்குக் கையுமில்லை, காலுமில்லை. குதித்தல் அவ்வயதுக் குழந்தையின் செயலுமன்று. எனவே சொந்த அனுபவம் மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. மேலும், ஒட்டும் கையுறை ஆய்வுகளின் விளக்கங்கள் அண்மையில் மறுபரிசீலனைக்கு உள்ளாகியுள்ளன. 2019இல் பல ஆய்வகங்கள் இணைந்து செய்த மீள்சோதனை ஒன்றில், குழந்தைகள் எதிர்நோக்கியது இலக்கை அன்று, வழியையே என்னும் முடிவு கிடைத்தது. இத்துறை முடிந்த முடிபுகளின் தொகுதி அன்று என்பதை ஒப்பீட்டில் இறங்கும் தமிழ் ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டும்.

தன்னை நோக்கி வரும் கை

மேற்கூறிய ஆய்வுகள் அனைத்துக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. குழந்தை ஓரிடத்தில் அமர்ந்து, தன்னோடு தொடர்பற்ற ஒருவரின் செயலைப் பார்க்கிறது. தமிழிலக்கண மொழியில் கூறினால், இவை படர்க்கை ஆய்வுகள். ஆனால் வீட்டில் குழந்தை முதன்முதல் எதிர்கொள்ளும் செயல்கள் படர்க்கையாக நிகழ்வதில்லை. தூக்கும் கை, ஊட்டும் கை, துடைக்கும் கை அனைத்தும் குழந்தையை நோக்கியே வருகின்றன. அச்செயல்களின் இலக்கே குழந்தைதான்.

இதனை வற்புறுத்தியவர் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக உளவியலாளர் வாசுதேவி ரெட்டி. அவரும் மார்க்கோவாவும் வாலோட்டும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தாய் தூக்குவதற்காகக் கைகளை நீட்டி அணுகும்போது, கை உடலைத் தொடுமுன்னரே 2 முதல் 4 மாதக் குழந்தைகள் தம் உடலைச் சரிசெய்துகொள்வது பதிவாகியுள்ளது. கைகளை விரிப்பதும், கால்களை நீட்டுவதும் விறைப்பதும் அதில் அடங்கும். பொம்மையைப் பற்ற அறியாத வயது அது. படக்காட்சியில் பிறர் கையின் இலக்கை எதிர்நோக்காத வயதும் அது. ஆயினும் தன்னை இலக்காகக் கொண்ட செயலை அவ்வயதிலேயே குழந்தை உணர்கிறது. உணவூட்டலிலும் இதற்கு இணையான சான்று உண்டு. கரண்டியைத் தாமே கையாள அறியாத 6 மாதக் குழந்தைகளும், ஒருவர் உணவை எடுக்கும்போது அது வாயைச் சேரும் என எதிர்நோக்கிப் பார்வையை முன்செலுத்தினர் எனக் கொச்சுகோவாவும் கிரேடெபேக்கும் 2010இல் காட்டினர். செய்த அனுபவம் இல்லாதபோதும், செய்யப்பட்ட அனுபவம் குழந்தைக்கு உண்டு என்பதே இதற்கு ஏற்ற விளக்கமாகலாம்.

தூக்குவதற்கு உடலை முன்னமைத்தல் சிறு செய்தி போலத் தோன்றும். ஆனால் 1943இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி, இன்று தன்முனைவு என வழங்கும் மனநிலையை முதலில் விரித்துரைத்த கட்டுரையில், இக்குழந்தைகள் தூக்கப்படுமுன் உடலை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளவில்லை என்னும் தாய்மாரின் நினைவுகூரல் முதன்மை பெறுகிறது. இவ்வொரு குறியைக் கொண்டு எதனையும் முடிவுகட்ட இயலாது. எனினும் தாய்மார் நெடுங்காலம் கண்டறிந்திருந்த ஒன்று மருத்துவச் சான்றாக ஏறிய இடம் அது.

தருசொல்லும் வருசொல்லும்

தொல்காப்பியக் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு வினைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் தருசொல்லும் வருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன எனவும், ஏனைய இரண்டும் படர்க்கைக்கு உரியன எனவும் வரையறுக்கிறது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான் என்பது மரபு. இவ்விதியில் வினைச்சொல்லைத் தெரிவுசெய்வது செய்பவரின் இடம் அன்று. செயல் சென்று சேரும் இடம். இலக்கு யார் என்பதை வினையின் உருவிலேயே பொதிந்துவைக்கும் பாகுபாடு இது.

பிள்ளைத்தமிழின் பருவங்களை இப்பாகுபாட்டின் வழியே நோக்கினால் அவற்றின் வரிசையில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. காப்பும் தாலும் குழந்தையை இலக்காகக் கொண்டவை. தெய்வம் காக்கிறது, தாய் ஆட்டுகிறாள், குழந்தை எதுவும் செய்ய வேண்டியதில்லை. செங்கீரையிலும் சப்பாணியிலும் குழந்தை செய்பவனாகிறது. ஆனால் அச்செயல் எவரையும் நோக்கியதன்று: ஆடுக, கொட்டுக என்பனவே வேண்டுகோள். முத்தப் பருவத்திலும் வாரானைப் பருவத்திலும் முதன்முறையாகக் குழந்தையின் செயலுக்கு மற்றொருவர் இலக்காகிறார். அவ்விரு பருவங்களின் வினைகளும் முறையே தருக, வருக என்பன. தொல்காப்பியர் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரிமையாக்கிய அவ்விரண்டு வினைகளே இங்கு அடுத்தடுத்து நிற்கின்றன. அதற்கடுத்த அம்புலியில், பேசுபவரும் குழந்தையும் சேர்ந்து தொலைவிலுள்ள மூன்றாம் பொருள் ஒன்றை நோக்குகின்றனர். நிலவைச் சுட்டும் விரலைப் பாராமல் நிலவைப் பார்க்க வேண்டும். சுட்டுதலுக்கு இலக்கு உண்டு என்பதை 12 மாதக் குழந்தைகள் உணர்கின்றனர், 9 மாதக் குழந்தைகள் உணர்வதில்லை என வுட்வர்டும் குவாஹார்டோவும் 2002இல் காட்டியுள்ளனர்.

இவ்வொழுங்கைப் புலவர்கள் திட்டமிட்டு அமைத்தனர் எனக் கொள்ள வேண்டியதில்லை. குழந்தையோடு பேசும் எவரும் முதலில் அதற்குச் செய்வர். பின் அதனைச் செய்யச் சொல்வர். அதன்பின் தமக்குச் செய்யச் சொல்வர். வீட்டுப் பேச்சின் இந்நடை இலக்கிய வகைக்குள் படிந்துள்ளது எனல் போதும்.

பொருந்தாத இடங்கள்

மாதக் கணக்கு வேறு செய்தி. மூன்றாம் மாதத்தில் காப்புத் தொடங்கி, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வாரானை என ஒற்றைப்படை மாதங்களாக 21 வரை செல்வது பரவலாக வழங்கும் கணக்கு. பாட்டியல் நூல்கள் எல்லாம் இதில் ஒத்துப்போவதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, குழந்தை துணையின்றி நடக்கும் சராசரி வயது 12.1 மாதம். இது வாரானைக்குப் பொருந்துகிறது. ஆனால் கையும் முழங்காலும் ஊன்றித் தவழும் சராசரி வயது 8.5 மாதம், ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலையெடுத்து ஆடும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம் முந்தியது. பொருந்துவதை எடுத்துக்காட்டிப் பொருந்தாததை விட்டுவிடுவது ஆய்வாகாது.

பிள்ளைத்தமிழுக்கு முன்னோடியாகக் கருதப்படும் பெரியாழ்வார் திருமொழியிலோ வரிசையே வேறு. அங்குத் தாலாட்டை அடுத்து அம்புலி வருகிறது. செங்கீரையும் சப்பாணியும் அதன் பின்னரே. எனவே வரிசையை வளர்ச்சிப் படியாகக் கொள்ளும் வாதம், பிற்காலத்தில் நிலைபெற்ற பத்துப் பருவ அமைப்புக்கு மட்டுமே, அதுவும் ஓரளவே, பொருந்தும்.

இவற்றினும் அடிப்படையான வேறுபாடு ஒன்றும் உண்டு. ஆய்வகம் கேட்பது, பெரியவரின் நோக்கத்தைக் குழந்தை அறிகிறதா என்பது. பிள்ளைத்தமிழில் பெரும்பாலும் பேசுபவரே குழந்தையின் நோக்கத்தை எதிர்நோக்குகிறார். சிற்றில் பருவம் இதற்குத் தெளிவான சான்று. சிறுமியர் மணல்வீடு கட்டுகின்றனர். ஆண்மகவு காலெடுத்து வருகிறது. ‘சிதையேல்’ என்னும் வேண்டுகோள் சிதைப்பதற்கு முன்னரே எழுகிறது. கால் எங்கே படப்போகிறது என்பதைச் சிறுமியர் அறிந்துவிட்டனர். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகமும் இச்சூழலில் அமைந்ததே.

ஆனால் இங்குக் குழந்தையின் அறிவும் உள்ளடங்கியிருக்கிறது. கட்டுவது அவர்களுக்கு அரியது என அறியாத குழந்தைக்கு அதனைச் சிதைப்பதில் இன்பம் இராது. ரெட்டி 1991இல் வெளியிட்ட ஆய்வொன்று, முதலாண்டு முடியுமுன்னரே குழந்தைகள் பிறரது எதிர்பார்ப்பை வைத்து விளையாடுவதை விவரிக்கிறது. பொருளை நீட்டிவிட்டு, வாங்கக் கை வரும்போது இழுத்துக்கொள்ளுதலும், பிறர் செய்துகொண்டிருப்பதைக் குலைத்துவிட்டு முகம் பார்த்தலும் அவ்விளையாட்டுகளுள் அடங்கும். எதிராளியின் நோக்கத்தை உணராமல் அதனைப் பொய்க்கச் செய்ய முடியாது. சிற்றில் சிதைத்தல் இரண்டாவது வகை. பெரியாழ்வார் திருமொழியின் அப்பூச்சி காட்டுதல் முதலாவதற்கு நெருங்கியது. கண்ணன் அச்சுறுத்தி விளையாடுகிறான், அச்சம் வருவதை ஆய்ச்சியர் எதிர்நோக்குகின்றனர் என்பதை அறிந்தே விளையாடுகிறான். குழந்தையின் எதிர்நோக்கலுக்குத் தமிழிலக்கியத்தில் சான்று தேடுவோர் பருவ மாதங்களை விடுத்து, இக்குறும்புப் பகுதிகளையே முதலில் நாட வேண்டும். பத்துப் பருவ வரம்பு அப்பூச்சியைத் தனக்குள் ஏற்காமல் விட்டது இழப்பே எனலாம்.

களம் ஒன்று

மேற்கண்ட ஆய்வுகளுள் எதுவும் தமிழ் பேசும் வீட்டில் நிகழ்த்தப்பட்டதன்று. ஊட்டல் பற்றிய ஆய்வு கரண்டியைக் கொண்டது. சென்னைப் புறநகர் வீடுகளிலோ இன்றும் கையால் பிசைந்து ஊட்டுவது பெருவழக்கு. கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் இடையே மட்டும் இயங்குகிறது. கை அவ்வாறன்று. பிசைகிறது, சூடு பார்க்கிறது, உருட்டுகிறது, ஈயை விரட்டுகிறது, காகத்தைச் சுட்டுகிறது, வாயைத் துடைக்கிறது. இத்தனை அசைவுகளுள் வாயை நோக்கி வரும் அசைவை மட்டும் குழந்தை பிரித்தறிய வேண்டும். கரண்டியைக் கொண்டு கண்ட வயதெல்லை இங்கும் பொருந்தும் என முன்னரே கொள்வதற்கில்லை.

மொழியிலும் ஒன்று ஆராயத்தக்கது. வா, போ என்னும் வேறுபாடு எல்லா வழக்குகளிலும் உயிரோடு இருக்கிறது. தா, கொடு என்னும் வேறுபாடு அவ்வாறில்லை. மலையாளம் அதனைக் காத்துவருகிறது. ஈழத்துப் பேச்சிலும் ‘தா’ இயல்பாக வழங்குகிறது. சென்னைப் பேச்சில் எனக்கும் ‘குடு’, அவனுக்கும் ‘குடு’. அம்பத்தூரில் பேரனிடம் முத்தம் கேட்கும் பாட்டியும் பெரும்பாலும் ‘குடு’ என்றே கேட்கிறாள். செயலின் இலக்கு தானா பிறரா என்பதை வினையிலேயே கேட்டு வளரும் யாழ்ப்பாணத்துக் குழந்தையும், வேற்றுமையுருபிலோ கையசைவிலோ மட்டும் உணர வேண்டிய ஆவடிக் குழந்தையும், பொருளை யாரிடம் நீட்ட வேண்டும் என்பதை ஒரே வயதில் உணர்கின்றனவா? வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் கேட்கும் குழந்தைகள் இப்புறநகர்களில் நிறைய உள்ளமையால், ஒரே தெருவிலேயே ஒப்பீட்டுக்கு இடமுண்டு. விலையுயர்ந்த கருவி இதற்குத் தேவையில்லை. ஊட்டும்போதும் தூக்கும்போதும் கேட்டு வாங்கும்போதும் எடுத்த ஒளிப்பதிவைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி, கை எப்போது புறப்பட்டது, வாய் எப்போது திறந்தது, சொல் எப்போது ஒலித்தது எனக் குறித்துக்கொண்டால் போதும். தூக்குதல் பற்றிய ரெட்டி குழுவினரின் ஆய்வும் ஒளிப்பதிவைக் கொண்டே அமைந்தது. அவ்வாறு குறிக்கும்போது, பாட்டி கையை நீட்டுமுன் சொல்லும் ‘ஆ காட்டு’ என்னும் சொல்லுக்குக் குழந்தை வாய் திறக்கிறதா, சொல் இன்றியே கைக்குத் திறக்கிறதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.